ஏழாம் நாள் கணக்கு

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அப்பா கணக்கு நோட்டோடு உட்கார்ந்துவிடுவார். திருப்பூரில் பன்னிரண்டு தையல் மெஷின் போட்டு, பெரிய பனியன் கம்பெனிகளிடமிருந்து ஜாப் ஒர்க் வாங்கிச் செய்துகொண்டிருந்தோம். யாருக்கு எத்தனை ஷிப்ட், யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து நோட்டுகளைப் பிரித்து வைப்பார். மறுநாள் மெஷின் ஓடாது. ஞாயிற்றுக்கிழமையின் அந்த அமைதியில்தான் நானும் தம்பியும் ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டை விளையாடுவோம்.

விளையாட்டு வெளிவந்தது 1999ல். எங்கள் கைக்கு வந்தது 2003ல். நான் பிளஸ் ஒன், அவன் எட்டாவது. வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதுவும் பில் போடுவதற்காக வாங்கியது. அதனால் ஹாட்சீட் முறை. ஒருவர் தன் முறையை ஆடி முடித்ததும் எழுந்துகொள்ள, அடுத்தவர் அதே நாற்காலியில் உட்கார வேண்டும். ஆடாதவர் அறைக்குள் இருக்கக் கூடாது என்பது நாங்களே போட்டுக்கொண்ட சட்டம்.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஒரு நகரம் இருக்கும். நாளுக்கு ஒரு கட்டடம் கட்டலாம். குதிரையில் போகும் ஒரு தலைவன் படையைக் கூட்டிக்கொண்டு வரைபடத்தில் நடப்பான், சுரங்கங்களைப் பிடிப்பான், புதையல் எடுப்பான், எதிரியைப் பார்த்தால் சண்டை போடுவான். சண்டை அறுகோணக் கட்டங்கள் போட்ட களத்தில் நடக்கும். பெரும்பாலானவர்கள் இந்த விளையாட்டைப் பற்றிப் பேசும்போது அந்தச் சண்டையைத்தான் பேசுவார்கள். கருப்பு டிராகனுக்கு எந்த மந்திரமும் பலிக்காது, அதனால் அவற்றை மட்டும் படையில் வைத்துக்கொண்டு களத்தையே எரிக்கும் ஆர்மகெடான் மந்திரத்தைப் போட்டால் எதிரி மட்டும் சாவான் என்பது போன்ற வித்தைகளை நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் இத்தனை வருடம் என்னைப் பிடித்து வைத்திருப்பது அது இல்லை. வாரக் கணக்கு.

இந்த விளையாட்டில் வாரத்துக்கு ஏழு நாள், மாதத்துக்கு நான்கு வாரம். உங்கள் நகரத்தில் புதுப் படைவீரர்கள் வருவது வாரத்தின் முதல் நாளில் மட்டும். அன்று காலை சோதிடர்கள் இது இன்ன பிராணியின் வாரம் என்று அறிவிப்பார்கள். நகரத்துக்குள் போய்ப் பார்த்தால் ஆட்கள் வந்து நிற்பார்கள். ஆனால் சும்மா கிடைக்க மாட்டார்கள், காசு கொடுத்துத்தான் சேர்க்க வேண்டும்.

நகரங்களில் பல வகை உண்டு, என் நகரம் எப்போதும் கேஸில் என்கிற வகை. கோட்டையை முழுதாகக் கட்டிவிட்டால் வாரத்துக்கு வரும் ஆட்கள் இரட்டிப்பாகிவிடுவார்கள். ஈட்டிக்காரர் 28, வில்லாளி 18, கிரிஃபின் 14, வாள்வீரர் 8, துறவி 6, குதிரைவீரர் 4, தேவதை 2. எல்லோரையும் சேர்த்துக்கொள்ள 21,080 தங்கம் ஆகும், தேவதைகளுக்குக் கொடுக்கும் ரத்தினங்கள் தனி. நகரத்துக்கு வருமானம் தரும் கட்டடமான சிட்டி ஹால் நாளுக்கு 2000 தரும், ஏழு நாளில் 14,000. ஏழாயிரம் இடிக்கிறது. அதற்கு அடுத்த படியான கேபிடல் கட்டினால் நாளுக்கு 4000, வாரத்துக்கு 28,000, தாராளமாகப் போதும். ஆனால் கேபிடல் கட்டச் செலவழிக்கும் வாரத்தில் ஆட்களைச் சேர்க்கக் காசு இருக்காது. எந்த வாரத்தில் பல்லைக் கடித்துக்கொள்வது என்பதுதான் முதல் மாதம் முழுக்க ஓடும் கேள்வி. இந்தக் கணக்கையெல்லாம் அப்பாவின் பழைய நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டு வைத்திருந்தேன்.

ஒருநாள் அவர் அதைப் பார்த்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். நின்று நிதானமாகப் படித்துவிட்டு, "ஏங் கண்ணு, ஆளெல்லாம் திங்கக்கெழம வந்து நிப்பாங்க. அன்னிக்குக் கையில காசில்லைனா என்ன பண்ணுவ?" என்று கேட்டார். ஆள் அங்கேயே நிற்பார்கள், அடுத்த வாரமும் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். "அதுக்குள்ள எதிராளி வந்து நகரத்தப் புடிச்சுட்டா?" என்றார். அப்பா அந்த விளையாட்டை ஒருமுறைகூட ஆடியதில்லை. அதன் உயிர்நாடியை அரை நிமிடத்தில் தொட்டுவிட்டார்.

ஏனென்றால் நீங்கள் சேர்க்காமல் விட்ட ஆட்கள் நகரத்தைப் பிடித்தவனுக்குப் போய்விடுவார்கள். அதனால் ஏழாம் நாள் மாலை ஒரு நகரத்தைப் பிடிப்பதற்கும் முதல் நாள் காலை பிடிக்கப் போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஏழாம் நாள் பிடித்தால் மறுநாள் வருகிற ஆட்கள் உங்களுக்கு. ஒரு நாள் தாமதித்தால் அதே ஆட்கள் மதில்மேல் நின்று உங்களை அடிப்பார்கள். அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கத்தான் எல்லாப் பாடும். படையில் மிக மெதுவாக நடப்பவன் யாரோ அவனைப் பொறுத்துத்தான் தலைவன் அன்று போகும் தூரம். ஆகவே மெதுவான ஆட்களைப் பின்னால் விட்டுவிட்டு வேகமானவர்களோடு முந்திப் போவோம். படையை ஒரு தலைவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்கு மாற்றி மாற்றி ஒரே நாளில் வரைபடத்தின் பாதியைத் தாண்டுவோம்.

அப்புறம் அந்த இசை. பால் ரொமேரோவும் ராப் கிங்கும் போட்டது. ஒவ்வொரு நகரத்துக்கும் தனி இசை, வரைபடத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் தனி இசை. பனிக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று, சதுப்புக்கு ஒன்று. வெளியே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, தம்பி இப்போது எந்த நிலத்தில் நடக்கிறான், நகரத்துக்குள் போனானா, சண்டை போடுகிறானா என்று காதாலேயே தெரியும். அவனுக்கும் என்னைப் பற்றித் தெரியும். சொல்லிக்கொள்ளாமலே இரண்டு பேரும் ஒற்று வேலை பார்த்தோம்.

தம்பி ஆடுவது நெக்ரோபொலிஸ் என்கிற நகரம். செத்தவர்களை எலும்புக்கூடாக எழுப்பித் தன் படையில் சேர்த்துக்கொள்ளும் கூட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய கடைசி நகரத்தையும் பிடித்துவிட்டேன், அதுவும் சரியாக ஏழாம் நாளில். நகரமே இல்லாதவனுக்கு விளையாட்டு ஏழு நாள் தவணை தரும். அதற்குள் ஒரு நகரத்தைப் பிடிக்காவிட்டால் ஆட்டம் காலி. அவனிடம் மிச்சமிருந்தது சாண்ட்ரோ என்கிற தலைவனும் முந்நூறு சொச்சம் எலும்புக்கூடுகளும். திண்ணையில் எனக்குச் சதுப்பு நிலத்து இசை கேட்டது. அடுத்த முறையும் அதே. ஓடி ஒளிகிறான் என்று நினைத்துக்கொண்டு, என் இரண்டாவது நகரத்தில் இருந்த காவலையும் பெரிய படையோடு சேர்த்துக்கொண்டு அவனைத் தேடிப் போனேன்.

சதுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து ஏழாவது நாள் அந்த இரண்டாவது நகரத்துக்குள் நுழைந்துவிட்டான். நான் பிடிக்காமல் விட்ட இரண்டு தங்கச் சுரங்கங்கள் அந்த வாரம் முழுக்க அவனுக்கு நாளுக்கு 2000 கொடுத்திருந்தன. செலவழிக்க நகரம் இல்லாததால் 14,000 தங்கமும் அப்படியே கையில். மறுநாள் முதல் நாள். என் தேவதைகளையும் என் குதிரைவீரர்களையும் அவன் காசு கொடுத்துச் சேர்த்துக்கொண்டான். எலும்புக்கூடும் தேவதையும் ஒரே படையில் நின்றால் உயிருள்ளவர்களுக்கு மனஉறுதி குறையும். குறைந்தும் இரண்டு வாரத்தில் என்னைத் தோற்கடித்தான். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. இன்றுவரை நான் ஆடியதிலேயே சிறந்த ஆட்டம் அதுதான்.

இந்த வரிசையில் பின்னால் வந்தவற்றையும் ஆடிப் பார்த்தேன். 2002ல் வந்த நான்காம் பாகத்தில் ஆட்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வருவார்கள். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழாம் நாள் என்கிற படபடப்பு போய்விட்டது, எல்லா நாளும் ஒரே நாள் ஆகிவிட்டது. 2011ல் வந்த ஆறாம் பாகத்தில் எந்த நகரத்தில் வந்த ஆளையும் எந்த நகரத்திலிருந்தும் சேர்த்துக்கொள்ளலாம். தூரத்து நகரத்திலிருந்து படையைக் கொண்டுவரும் பாடு இல்லை. அந்தப் பாடு இல்லாமல் எனக்கு ஆட்டத்தில் மனம் ஒட்டவில்லை. ஐந்தாம் பாகம் நன்றாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

மூன்றாம் பாகத்தில் குறை இல்லாமல் இல்லை. எதிரியின் மந்திரத்தைப் பார்த்தே கற்றுக்கொள்ளும் ஈகிள் ஐ திறமையால் எனக்கு ஒரு பயனும் இருந்ததில்லை. நில மந்திரம் கற்றவனுக்கும் கற்காதவனுக்கும் இடையே நியாயமே இல்லை, தலைவனை நொடியில் தன் நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் டவுன் போர்ட்டல் மந்திரம் ஒன்று போதும் ஆட்டத்தைத் திருப்ப. பெரிய வரைபடத்தில் மூன்றாவது மாதத்துக்கு மேல் ஒரு முறை ஆட அரை மணி நேரம் ஆகும். திண்ணையில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

இந்த விளையாட்டைச் செய்த நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் நிறுவனம் 2003ல் போய்ச் சேர்ந்தது. உரிமை 13 லட்சம் டாலருக்கு யூபிசாஃப்ட் என்கிற இன்னொரு விளையாட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2015ல் அவர்கள் போட்ட மூன்றாம் பாகத்தின் புதிய பதிப்பில், அதற்குப் பின்னால் வந்திருந்த கூடுதல் பாகங்கள் இரண்டும் இல்லை, அவற்றின் மூல நிரல் கிடைக்கவில்லை. ஆனால் ரசிகர்கள் ஹார்ன் ஆஃப் தி அபிஸ் என்ற பெயரில் தாங்களாகவே கடற்கொள்ளையர் நகரம் ஒன்றையும், பல வருடம் கழித்து இயந்திரங்கள் நிறைந்த இன்னொன்றையும் சேர்த்தார்கள். காசுக்காக இல்லாமல் வருடக்கணக்கில் இப்படி உழைத்தவர்கள்மேல் எனக்கு இருக்கும் மரியாதையைச் சொல்லி முடியாது. புதிய ஆட்கள் பழைய ஆட்களோடு நிற்கும்போது வேறு கையால் வரைந்தது என்றே தெரியாது.

தம்பி இப்போது பெங்களூரில். இரண்டு பேரும் ரசிகர்கள் செய்த அந்தப் பதிப்பில் இணையம் வழியாக ஆடுகிறோம், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, குழந்தைகள் தூங்கிய பிறகு. அவன் எங்கே நடக்கிறான் என்று காதால் கண்டுபிடிக்க முடியாதது மட்டும் குறை. போன வாரம் போனில் கேட்டேன், "சதுப்புப் பக்கம் வர்றியாடா?" பதில் சொல்லவில்லை. "நீ உன் ரெண்டாவது ஊர்ல ஆள் வெச்சிருக்கியாக்கா?" என்று திருப்பிக் கேட்டான்.

வைத்திருக்கிறேன். வில்லாளி 18, கிரிஃபின் 14. இப்போது மூன்றாவது வாரம் ஆறாம் நாள், அவன் முறை.