இறுகிப்போன ரேடியோ ஆன்டெனா

நெடும்பயணத்துக்கான டூரிங் பைக்கின் பின்பெட்டி ஓரத்தில் நிற்கும் ரேடியோ ஆன்டெனா கழலாமல் இறுகிக்கொண்டால், தயவுசெய்து கம்பியைப் பிடித்து முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். எஃகு மரையும் அலுமினிய அடிப்பாகமும் மழைநீரிலும், குளிர்நாடுகளில் சாலையில் தூவும் உப்பிலும் ஆண்டுக்கணக்கில் நனையும்போது, மின்வேதி அரிப்பால் உண்டாகும் வெள்ளைப் பொடி மரையின் இடுக்குகளை அடைத்துவிடுகிறது. பலத்தைக் காட்டினால் கம்பி முறிந்து, மரைத்துண்டு உள்ளேயே தங்கிவிடும்.

நான் துரு இளக்கும் எண்ணெயை விளிம்பில் சில சொட்டுகள் விட்டு, இரவு முழுவதும் ஊறவிட்டேன். காலையில் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, அருகிலுள்ள பிளாஸ்டிக்கை ஈரத்துணியால் மூடி, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் அடிப்பாகத்தை மட்டும் மிதமாகச் சூடேற்றினேன். அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இருமடங்கு விரிவதால் பிடி தளர்கிறது. நெருப்புச் சுடரை அங்கே கொண்டுபோகவே கூடாது.

அடிப்பாகத்தை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடிப்பதுதான் மிக முக்கியம், ஏனெனில் அதுவும் சேர்ந்து சுழன்றால் கீழேயுள்ள கேபிள் முறுக்கி அறுந்துபோகும். மற்றொரு ஸ்பேனரால் முன்னும் பின்னுமாக நூலிழை அளவு அசைக்க அசைக்க, வெள்ளைப் பொடி உதிர்ந்து மரை கழன்று வந்தது.

புதிய கம்பி வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். அலைநீளத்தின் கால் பங்கான 75 சென்டிமீட்டருக்கு அருகில் கம்பி இருந்தால் நிலையங்கள் நன்றாகக் கிடைக்கும். அழகுக்காகக் குட்டைக் கம்பி பொருத்தினால், ஊரைத் தாண்டியதும் நிலையங்கள் தேய்ந்துவிடும்.