அது மூச்சு இல்லை

சித்தப்பா விழுந்தபோது நான் பக்கத்திலேயேதான் இருந்தேன். நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்தார். ஓடிப்போய்ப் பிடித்துத் தரையில் படுக்க வைத்தேன். கண் பாதி திறந்திருந்தது. தட்டிக் கூப்பிட்டேன், பதில் இல்லை. ஆனால் வாய் திறந்து மூடியது. தொண்டைக்குள்ளிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. வாசலில் நின்று ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தவர், "மூச்சு இருக்கான்னு கேக்குறாங்க" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "இருக்கு, இருக்கு" என்றேன்.

அந்தப் பதில் தவறு. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் ஒரு பார்வை பார்த்தார்கள், உடனே மண்டியிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார்கள். சித்தப்பா திரும்பி வரவில்லை.

அதற்கு முன்பே நான் ஒரு நாள் முதலுதவிப் பயிற்சிக்குப் போய் வந்தவன். சான்றிதழ்கூட வைத்திருந்தேன். அதனால்தான் மனம் ஆறவில்லை. எட்டு மாதம் கழித்து நான்கு நாள் மேல்நிலை முதலுதவிப் பயிற்சியில் சேர்ந்தேன். பன்னிரண்டு பேர் இருந்தோம். பயிற்றுநர் பல வருடம் ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவர்.

முதல் நாள் மதியம் ஒரு காணொளி போட்டார். "படத்தைப் பாக்க வேண்டாம். கண்ணை மூடிக்கிட்டு சத்தத்தை மட்டும் கேளுங்க" என்றார். இரண்டாவது சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து வெளியே போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவரும் வந்து பக்கத்தில் நின்றார். நடந்ததைச் சொன்னேன். ஆறுதல் எதுவும் சொல்லாமல் விளக்கம் சொன்னார். இதயம் நின்ற பிறகும் மூளையின் அடித்தண்டு கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். அது விடும் கடைசி உத்தரவுகள்தான் அந்த வாய் திறப்பும் சத்தமும். நுரையீரலுக்குப் போதுமான காற்று அதில் போவதில்லை. பார்க்கிறவர்களில் நிறையப் பேர் அதை மூச்சு என்றே நினைத்துவிடுகிறார்கள். ஆள் அசைவில்லாமல், கூப்பிட்டால் பதில் சொல்லாமல், இப்படி விட்டு விட்டு இழுத்தால் மூச்சு இல்லை என்றே முடிவு செய்ய வேண்டும். பார்ப்பதற்கு 10 வினாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதயம் திடீரென்று நின்றுபோன ஒருவருக்கு நெஞ்சழுத்தம் கொடுக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும்.

இதை யாரும் எனக்கு முன்பு சொல்லவில்லையா, சொல்லியும் காதில் விழவில்லையா என்று இன்றும் தெரியவில்லை. ஒரு நாள் பயிற்சியில் எத்தனையோ சொல்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் சத்தத்தோடு கேட்க வைத்தால்கூடப் போதும் என்று நினைக்கிறேன்.

மற்ற மூன்று நாளும் எனக்கு ஒருவகையில் காதுக்கான பயிற்சியாகவே அமைந்தன. நினைவில்லாவிட்டாலும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பவரிடம் குறட்டைச் சத்தம் வந்தால் நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்கிறது. தலையைச் சாய்த்து முகவாயைத் தூக்க வேண்டும். கழுத்தில் அடி என்ற சந்தேகம் இருந்தால் தலையை அசைக்காமல் தாடை எலும்பை மட்டும் முன்னால் தள்ளுவது. களகளவென்று வந்தால் உள்ளே ரத்தமோ வாந்தியோ இருக்கிறது. ஒருக்களித்துத் திருப்பி முதலில் அதை வெளியேற்ற வேண்டும். புரையேறியவர் பலமாக இருமிக்கொண்டிருந்தால் காற்று போகிறது என்று அர்த்தம், அவரை இரும விடுங்கள். இருமல் சத்தம் நின்று, பேச வராமல், கை தொண்டையைப் பிடித்தால் அப்போதுதான் முதுகில் 5 அடி, வயிற்றில் 5 அழுத்தம் என்று மாறி மாறிக் கொடுப்பது.

என்னை உலுக்கியது ஆஸ்துமா பாடம். வீசிங் சத்தம் குறைந்தால் நோயாளிக்கு நல்லது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இன்ஹேலர் எடுத்த பிறகு ஆள் தெம்பாகப் பேசி, சத்தமும் குறைந்தால் நல்லதுதான். ஆனால் ஆள் சோர்ந்து, ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியாமல், நெஞ்சில் சத்தமே இல்லாமல் போனால் அது மிக மோசமான கட்டம். சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூட உள்ளே காற்று நகரவில்லை.

நெஞ்சழுத்தத்துக்கு ஒரு முழுக் காலைப் பொழுது போனது. 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6 தாண்டாமல். நிமிடத்துக்கு 100 முதல் 120. எண்களாகத் தெரிந்ததுதான். கையில் வேறு மாதிரி இருந்தது. எங்கள் பயிற்சிப் பொம்மையில் ஆழம் சரியாக இருந்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். நான் அந்த டிக்கையே துரத்திக்கொண்டிருந்தேன். பயிற்றுநர் என் இரண்டு தோளையும் பிடித்து லேசாகப் பின்னால் இழுத்தார். "அமுக்குறீங்க, ஆனா விட மாட்டேங்குறீங்க." ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர வேண்டும், அப்போதுதான் இதயத்துக்குள் மறுபடியும் ரத்தம் நிறையும். நான் பாதி எடையை அதன் மேலேயே சாய்த்து வைத்திருந்தேன். இரண்டு நிமிடத்தில் கை துவண்டுவிட்டது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்வது ஏன் என்று அப்போது புரிந்தது.

எண்ணுவதிலும் ஒரு சிக்கல் வந்தது. 'இருபத்தி மூணு', 'இருபத்தி நாலு' என்று அந்த வேகத்தில் வாய் சொல்லி முடிக்காது; சொல்ல முயன்றால் கை மெதுவாகிவிடும். அதனால் பத்து பத்தாக மூன்று முறை எண்ணி முப்பது, அப்புறம் வாயோடு வாய் வைத்து இரண்டு ஊதல் என்று பழகிக்கொண்டோம்.

அந்தப் பொம்மையின் முகத்துக்கு ஒரு கதை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸின் சேன் நதியில் மூழ்கி இறந்த, யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் முகம் என்று சொல்லப்படும் ஓர் அச்சு. நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஓஸ்மண்ட் லேர்டால் 1960இல் அதைப் பார்த்துத்தான் இந்தப் பயிற்சிப் பொம்மைக்கு முகம் அமைத்தார். அவர் தன் சின்ன மகனைத் தண்ணீரில் மூழ்காமல் காப்பாற்றிய தகப்பன். இதைக் கேட்ட பிறகு அந்த முகத்தை வெறும் ரப்பராக என்னால் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் ரத்தக்கசிவு. ஒரு கனமான நுரைத் துண்டில் ஆழமாக வெட்டி, அடியில் குழாய் வைத்து, சிவப்புத் தண்ணீரைப் பம்ப் செய்வார்கள். மேலே துணியை வைத்து அழுத்தினேன், ஓரமாக வழிந்துகொண்டே இருந்தது. விரலை உள்ளே விட்டு, தண்ணீர் பீறிடும் இடத்தைத் தொட்டுத் தேடி, காஸ் துணியை அங்கிருந்தே மடித்து மடித்துத் திணித்துக்கொண்டு மேலே வந்து, அதன்மேல் உடம்பின் எடையைப் போட்டு அழுத்திய பிறகுதான் நின்றது. கை, கால் காயத்தில் அழுத்தியும் நிற்காமல் ரத்தம் பீறிட்டால் டூர்னிக்கெட், அதாவது ரத்த ஓட்டத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை. காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் படாமல் கட்டி, குச்சியைத் திருகி, ரத்தம் நிற்கும்வரை இறுக்கிவிட்டு, கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். பயிற்றுநர் மேற்பார்வையில் ஒருவருக்கொருவர் கட்டிப் பார்த்தோம். மணிக்கட்டில் நாடி மறையும்போது எனக்கு வலி தாங்கவில்லை. நிஜத்தில் காயம்பட்டவர் தளர்த்தச் சொல்லிக் கெஞ்சுவார், நாம் தளர்த்தக் கூடாது. அந்த வலியை அறியாமல் போயிருந்தால் நான் நிச்சயம் இளகியிருப்பேன்.

நான்காம் நாள் செய்முறைத் தேர்வு. கதவைத் திறந்தால் இரண்டு பேர் அடிபட்டுக் கிடப்பதாக ஏற்பாடு. ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு அலறினார். இன்னொருவர் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அலறியவரிடம் போனேன். ரத்தம் பெரிதாக இல்லை, ஆனாலும் அவர் கத்தக் கத்த என் கை அங்கேயே இருந்தது. சுவரோரம் இருந்தவருடைய தலை தொங்கி மூச்சுவழி அடைபட்டிருந்ததாக எனக்குப் பிறகு சொன்னார்கள். தேர்வில் நான் தேறவில்லை.

"அலறுறவருக்கு மூச்சுவழி திறந்திருக்கு. அவரே சத்தம் போட்டு உங்ககிட்ட அதைச் சொல்லிட்டார்" என்றார் பயிற்றுநர். எனக்கு முகம் எரிந்தது. சித்தப்பாவிடம் சத்தத்தை உயிர் என்று நினைத்தேன், இங்கே சத்தத்தை ஆபத்து என்று நினைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மறுதேர்வு. இந்த முறை மூன்று பேர். உள்ளே போனதும் நின்றேன். இடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்த்தேன். "நடக்க முடிஞ்சவங்க இந்தப் பக்கம் வாங்க" என்று உரக்கச் சொன்னேன். ஒருவர் எழுந்து வந்தார். அடுத்து, சத்தமே போடாதவரிடம் போனேன். முகவாயைத் தூக்கியதும் அவர் நெஞ்சு ஏறி இறங்கியது. நடிப்புதான், ஆனாலும் அதைப் பார்த்தபோது என் கண் நிறைந்துவிட்டது. தேறினேன்.

போன வாரம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்ததுண்டு. அவரே கேட்டார். "அன்னைக்கு உங்க சித்தப்பா தொண்டையில ஒரு சத்தம் வந்துச்சே, அது என்னப்பா?"

சொன்னேன். நான் "மூச்சு இருக்கு" என்று சொன்னது தவறு என்பதையும் சொன்னேன். சித்தி கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குக் காட்டு" என்றார்.

கெட்டியான தலையணையைத் தரையில் போட்டேன். முட்டி வலிக்கும் என்றேன், கேட்கவில்லை. மண்டியிட்டு, ஒரு கை மேல் இன்னொரு கையை வைத்து, முழங்கையை மடக்காமல், தோள் நேராகத் தலையணைக்கு மேலே வருகிற மாதிரி குனிந்தார். "வேகமா எண்ணுங்க சித்தி, பத்து வந்ததும் மறுபடி ஒண்ணுல இருந்து" என்றேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஆரம்பித்தார்.