காலியாக விடப்படும் கையெழுத்துக் கட்டம்

கனடாவில் துப்பாக்கி உரிம விண்ணப்பத்தில், இப்போதைய துணையும் கடந்த 2 ஆண்டுகளுக்குள் பிரிந்த துணையும் கையெழுத்திட ஓர் இடம் உண்டு. அது காலியாக இருந்தாலே விண்ணப்பம் தள்ளுபடி ஆகாது. அதிகாரிகள் அந்தத் துணைக்குத் தகவல் சொல்வார்கள். படிவத்திலேயே உயிர் காக்கும் இடம் இதுதான் என்பேன். காவல்துறைப் பதிவில் ஏறாத மிரட்டல் வீட்டுக்குள் இருப்பவருக்குத்தானே தெரியும்!

ஓட்டையும் அங்கேதான். பக்கத்தில் நின்று மிரட்டியே கையெழுத்து வாங்கிவிடலாம். துணையிடம் தனியாகப் பேசினால்தான் உண்மை வரும்.

முதன்முறை விண்ணப்பித்தால் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. உரிமமோ 5 ஆண்டு. பிரியும் காலம்தான் மிக ஆபத்தானது; அது புதுப்பிக்கும் தேதி பார்த்து வராது. அச்சமிருந்தால் மாகாணத் தலைமைத் துப்பாக்கி அதிகாரியிடம் இடையிலேயே சொல்லலாம்; உடனடி ஆபத்தென்றால் 911.