பச்சை டிக்கை நம்புவதற்கு முன்: ஒரு தமிழ் நிரலகத்துக்குத் தானியங்கிச் சோதனை

நிரலகம் சின்னது. தமிழ்ச் சரத்தை வாங்கி எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் பைதான் நிரலகம், கூடவே ஒரு சொற்பட்டியல் கோப்பு. 'கொடி' என்று கொடுத்தால் கொ, டி என இரண்டு வர வேண்டும். லினக்ஸ் மடிக்கணினியில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த சோதனைகள் இப்போது ஒவ்வொரு கமிட்டுக்கும் (சேமித்த மாற்றம்) புல் ரிக்வெஸ்டுக்கும் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) கிட்ஹப் தளத்தின் தானியங்கி வசதியான ஆக்‌ஷன்ஸில் தானாக ஓடுகின்றன; தேறினால் பச்சை டிக், விழுந்தால் சிவப்பு. களஞ்சியம் பொதுவில் இருப்பதால் சாதாரண ரன்னர்களுக்கு (சோதனையை ஓட்டும் கிட்ஹப் கணினிகள்) கட்டணம் இல்லை.

முதல் யாமல் கோப்பு

ஓட்டத்தை விவரிக்கும் அமைப்புக் கோப்பு யாமல் வடிவில். வேலை நான்கே ஸ்டெப்: மூலத்தை எடுத்தல், பைதான் நிறுவுதல், வீல் (நிறுவத் தயாரான பைதான் பொதி) கட்டி நிறுவுதல், பைடெஸ்ட் என்னும் சோதனைக் கருவியை ஓட்டுதல். முதல் ஓட்டம் 'பைதான் 3.1 கிடைக்கவில்லை' என்று விழுந்தது. 3.10 என்பதை மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் யாமல் அதைத் தசம எண்ணாக எடுத்துக்கொண்டு கடைசிச் சுழியத்தை விழுங்கிவிடும். பதிப்பு எண்கள் எல்லாவற்றுக்கும் மேற்கோள் போடுவதே நல்லது.

மூன்று இயங்குதளம், 3.10 முதல் 3.14 வரை ஐந்து பைதான் என்று பெருக்கினால் 15 ஜாப் (தனித்தனி ஓட்டம்). அத்தனை தேவையில்லை. லினக்ஸில் ஐந்தும், விண்டோஸிலும் மேக்கிலும் ஆகப் பழையது, ஆகப் புதியது மட்டும் என 9 போதும். ஃபெயில்-ஃபாஸ்டை ஃபால்ஸ் ஆக்கியாயிற்று. இல்லாவிட்டால் ஒரு ஜாப் விழுந்ததும் மற்றவையும் ரத்தாகும். விண்டோஸில் மட்டும் கோளாறா, எங்குமே கோளாறா என்று தெரியாது.

விண்டோஸ்

மேக்கில் எதுவும் சிக்கவில்லை. விண்டோஸில் இரண்டு.

முதலாவது, வீலை நிறுவும் வரி. கோப்புப் பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டிருந்தது. விண்டோஸ் ரன்னரில் இயல்பு ஷெல் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) பவர்ஷெல். அது நட்சத்திரத்தை விரிக்காமல் அப்படியே நிறுவும் கருவியான பிப்பிடம் கொடுத்துவிடும். அந்த ஒரு ஸ்டெப்புக்கு மட்டும் ஷெல்லை பாஷ் என்று மாற்றியதும் சரியானது. (ஒரு ஸ்டெப்புக்கு மட்டும் மாற்றியது தவறு என்பது கீழே தெரியும்.)

இரண்டாவதுதான் சுவையானது. சொற்பட்டியலைத் திறக்கும் இடத்தில் என்கோடிங் (எழுத்தை பைட்டாக்கும் முறை) குறிப்பிடவில்லை. லினக்ஸில் யூடிஎஃப்-8 தானாக வரும். விண்டோஸ் ரன்னரில் வந்தது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய சிபி1252. 'க' யூடிஎஃப்-8இல் பதினாறடிமான எண்ணில் இ0, ஏஇ, 95 என்று மூன்று பைட். மூன்றுக்கும் சிபி1252இல் ஏதோ ஒரு குறி உண்டு என்பதால் பிழையே வராமல் குப்பையாக வாசிக்கும். புள்ளி அப்படியல்ல: இ0, ஏஎஃப், 8டி. இந்த 8டிக்கு அங்கே இடமே இல்லை; பைதான் அந்த இடத்தில் நின்றுவிடும். உகரக் குறியின் கடைசி பைட்டான 81க்கும் அதே கதி. ஆக, மெய்யோ உகரமோ உள்ள கோப்பு வெடிக்கும். 'படம்' கூட வெடிக்கும், 'பட' வெடிக்காது. சோதனைக் கோப்பில் மெய்யும் உகரமும் கட்டாயம் இருக்கட்டும்.

பைதான்யூடிஎஃப்8 என்ற சூழல் மாறியை 1 ஆக்கினால் சோதனை பச்சையாகிவிடும். அதைச் செய்யவில்லை. பயனர் கணினியில் அந்த மாறி இருக்காதே. திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங் எழுதியாயிற்று. பைதான் 3.10 முதல் என்கோடிங்வார்னிங் என்று ஒன்று உண்டு. அதை இயக்கி, பிழையாகவே கருதச் சொன்னால் இதே தவறு லினக்ஸ் ஜாபிலேயே பிடிபடும்.

வேண்டுமென்றே உடைத்தது

9 ஜாபும் பச்சை. அப்போதுதான் நிரலைக் கெடுத்துப் பார்க்க வேண்டும். 'கொ' இரண்டு விதமாக வரும்: க, ஒகரக் குறி என்று இரண்டு குறியீடு, அல்லது க, எகரக் குறி, கால் என்று மூன்று. திரையில் வித்தியாசமே தெரியாது. நிரலகம் என்எஃப்சி என்னும் யூனிகோடு சீராக்க முறையில் இரண்டாவதை முதலாவதாக்கிவிட்டுத்தான் பிரிக்கிறது. அந்த ஒரு வரியை நீக்கி அனுப்பினால் எல்லாம் சிவக்க வேண்டும்.

விண்டோஸ் சிவந்தது. லினக்ஸும் மேக்கும் பச்சையாகவே நின்றன. லாகைத் திறந்தால் '1 ஃபெயில்டு' என்று தெளிவாக இருக்கிறது, ஸ்டெப்புக்கு மட்டும் டிக். காரணம், வெளியீட்டைக் கோப்பிலும் சேமிக்க பைடெஸ்டைக் குழாய் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தருவது) வழியே, திரையிலும் கோப்பிலும் எழுதும் 'டீ'க்கு அனுப்பியிருந்தது. குழாயின் வெளியேறு குறி (வெற்றியா தோல்வியா என்பது) கடைசிக் கட்டளையுடையது. டீ எப்போதும் வெற்றிதான். ஷெல் எதுவும் சொல்லாவிட்டால் ஆக்‌ஷன்ஸ் லினக்ஸில் பாஷைப் பைப்ஃபெயில் (குழாயில் எது விழுந்தாலும் தோல்வி என்னும் அமைப்பு) இல்லாமல் ஓட்டுகிறது. பாஷ் என்று வெளிப்படையாக எழுதினால் பைப்ஃபெயிலோடு ஓட்டுகிறது. கோப்பின் மேலே டிஃபால்ட்ஸ் பகுதியில் ஷெல் பாஷ் என்று ஒரே ஒரு முறை எழுதியதில் நட்சத்திரச் சிக்கலும் இதுவும் சேர்ந்தே தீர்ந்தன.

அடுத்து, சொற்பட்டியலை வீலில் சேர்க்கும் வரியை நீக்கிப் பார்த்தது. மறுபடியும் பச்சை! வீல் நிறுவப்பட்டிருந்தாலும் 'பைதான் -எம் பைடெஸ்ட்' என்று கூப்பிடும்போது நிற்கும் அடைவே தேடுபாதையின் தலையில் ஏறிக்கொள்ளும். சோதிக்கப்பட்டது வீல் அல்ல, பக்கத்தில் கிடந்த மூலம். நிரலகத்தை 'எஸ்ஆர்சி' அடைவுக்குள் நகர்த்திய பிறகுதான் சிவந்தது.

சில்லறைகள்

மூலத்தை எடுக்கும் செக்-அவுட் இயல்பாகக் கடைசிக் கமிட்டை மட்டுமே எடுக்கும், டேக் (பதிப்புக்கு இட்ட பெயர்) வராது. செட்டப்டூல்ஸ்-எஸ்சிஎம் டேக்கைப் பார்த்துப் பதிப்பு எண் போடுவதால் வீலுக்கு 0.1.டெவ் என்று பெயர் வந்தது. ஃபெட்ச்-டெப்த் 0 (முழு வரலாறும்) போட்டால் சரி.

ஜாபுக்கு இயல்புக் கெடு 360 நிமிடம். முடிவில்லாச் சுழல் ஒன்று ஆறு மணி நேரம் ஓட வேண்டாம் என்று 10 வைத்தாயிற்று. ஓட்டத்துக்குக் கிடைக்கும் டோக்கனின் (களஞ்சிய அணுகல் சாவி) அனுமதி படிக்க மட்டும். வெளியார் ஆக்‌ஷன்களை (ஆயத்த ஸ்டெப்கள்) டேக்கால் அழைக்காமல் முழு கமிட் எண்ணால் அழைப்பது மேல்: 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸின் சேஞ்ச்டு-ஃபைல்ஸில் பழைய டேக்குகளையே கெட்ட கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள்.

வாராந்தர ஓட்டம் இந்திய நேரம் திங்கள் காலை 6.10க்கு. கிரானில் (நேர அட்டவணை வரி) எழுதியது யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் 0.40, மணி தொடங்கும் நிமிடத்தில் நெரிசலால் தாமதமாகும் என்பதால் அதைத் தவிர்த்தது. களஞ்சியத்தில் 60 நாள் எந்த அசைவும் இல்லாவிட்டால் இந்த நேர ஓட்டத்தை கிட்ஹப் நிறுத்திவிடும்; திரும்ப இயக்க ஆக்‌ஷன்ஸ் பக்கத்தில் கையால் சொடுக்கலாம்.