பம்பர் விரிசலும் பட்டியும்

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் நிற்கிற வண்டி ஒரு அடி பின்னால் உருண்டால் போதும், அடுத்த வண்டியின் பம்பர் போச்சு. இரும்பு என்றால் நசுங்கும், தட்டி நிமிர்த்தலாம். ஃபைபர் என்பது கண்ணாடி நாரை ரெசின் என்கிற பிசினில் ஊற வைத்து அடுக்கடுக்காகச் செய்தது; அது நசுங்காது, விரிசல் விடும். மாதவரத்தில் என் பட்டறைக்கு வரும் வேலையில் முக்கால்வாசி இதுதான்.

போன வாரம் ஒரு டிரெய்லர் வந்தது. டிரைவர் தம்பி இறங்கும்போதே, “அண்ணே, மேலாக்கப் பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சு விட்டுடுங்க, ராத்திரி லோடு இருக்கு” என்றார். பட்டி என்றால் பெயிண்டுக்கு முன்னால் பூசும் பசை. தவணை ஓடுகிற வண்டி, அவசரம் புரிகிறது. ஆனால் பட்டிக்குப் பள்ளத்தை நிரப்பத்தான் தெரியும், விரிசலைப் பிடித்து நிறுத்தத் தெரியாது. நாலு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினால் அதே கோடு புது பெயிண்டையும் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஓனரிடம் போனில் பேசி பம்பரைக் கழற்ற வைத்தேன்.

விரிசல் தொடங்கிய இடம், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்ட யாரோ ஆணி வைத்து அடித்த ஓட்டை. திருஷ்டி கழிக்கப் போட்ட ஓட்டையே திருஷ்டியாகிவிட்டது! அங்கிருந்து ஹெட்லைட் மூலை வரை கோடு ஓடியிருந்தது. கண்ணுக்குத் தெரியும் முனையை நம்பக் கூடாது. ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே போனால், உள்ளே அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாகும். அது முடிகிற இடத்தில் 3 மில்லிமீட்டர் பிட்டால் ஒரு ஓட்டை போட்டால் விரிசல் அதற்கு மேல் ஓடாது.

அப்புறம் பின்பக்கம். கிரைண்டர் வைப்பதற்கு முன்பே எண்ணெய், பாலிஷ் எல்லாவற்றையும் தின்னரால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தேய்க்கத் தேய்க்க அது உள்ளேதான் இறங்கும். விரிசலின் இரண்டு பக்கமும் நாலு சென்டிமீட்டராவது சரிவாகத் தேய்ப்பேன். மாஸ்க், முழுக்கை சட்டை இல்லாமல் இதில் இறங்கினால் ராத்திரி முழுக்க அரிப்புதான்.

தேய்த்த இடத்தில் ரெசின் தடவி ஒட்டுவது ஃபைபர் மேட், அதாவது கண்ணாடி நார் விரிப்பு. அதைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் பிய்ப்பேன். பிய்த்த ஓரம் மேடு தட்டாமல் படியும். ரெசினை இறுக வைப்பது கேட்டலிஸ்ட், ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி. மே மாத வெயிலில் அதையும் குறைக்கணும், இல்லாவிட்டால் டப்பாவிலேயே இறுகிச் சூடாகிப் புகையும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேராகச் சேர்த்தால் வெடிக்கும், விளையாட்டில்லை. புதுப் பையன்களை இந்த இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைக்க விடுவதில்லை.

ரோலரால் அழுத்தும்போது வெள்ளையாக நிற்கும் இடமெல்லாம் காற்று. மேட் கண்ணாடி மாதிரி தெளிந்தால்தான் ரெசின் முழுசாக ஊறியிருக்கிறது. காற்றுப் படுவதால் மேல்தோல் பிசுபிசுவென்றே இருக்கும், மேலே பாலியெஸ்டர் ஷீட் ஒட்டிவிட்டால் அதுவும் காயும்.

ஓனர்களுக்குப் பொறுமை போகிற இடம் இனிமேல்தான். இறுகிய பிறகும் ரெசின் கொஞ்சம் சுருங்கும். உடனே பெயிண்ட் அடித்தால் பளபளவென்று போகும், பிற்பாடு வெயிலில் ஃபைபர் மேட்டின் நார் வரிவரியாக மேலே தெரியும். அதனால் ரெண்டு நாள் பம்பரை மொட்டை வெயிலில் போட்டு வைப்பேன். அந்த வகையில் சென்னை வெயில் எனக்குச் சம்பளமில்லாத ஆள்.

முன்பக்கம் மெல்லிசாகப் பட்டி, வாட்டர் பேப்பரால் தேய்ப்பு, பிரைமர், அப்புறம் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட். ஐப்பசி, கார்த்திகை மழையில் பியூ அடிக்க மாட்டேன். அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனருக்கு ஈரம் ஆகாது, பளபளப்பு செத்துவிடும். ஒட்டிய இடத்துக்கு மட்டும் அடிக்கச் சொல்லிக் கேட்பார்கள். வெயிலில் வெளுத்த ஆரஞ்சுக்குப் பக்கத்தில் புது ஆரஞ்சு தனியாகக் காட்டிக்கொடுக்கும். அடித்தால் முழு பம்பர்.

மாட்டும்போது போல்ட்டுக்கு அடியில் ரப்பர் வாஷரும் அகலமான இரும்பு வாஷரும் போட்டு, அளவாக முறுக்கினேன். டிரைவர் தம்பி எலுமிச்சம்பழத்தோடு வந்து, “இதை எங்கண்ணே கட்டுறது?” என்றார். நம்பர் பிளேட் இரும்பு பிராக்கெட்டைக் காட்டினேன்.