வயதும் மூளையின் வடிவமும்

முதுமையில் நியூரான்கள் எனும் நரம்புச் செல்கள் கூட்டம் கூட்டமாக மடிகின்றன என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. நோயற்ற முதுமையில் அந்த இழப்பு சிறிதே. செல்கள் சுருங்குவதும் அவற்றின் கிளைகளும் இணைப்புகளும் குறைவதுமே மூளையின் கன அளவு குறைவதற்குப் பெரிதும் காரணம்.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் எம்.ஆர்.ஐ. படங்களை ஒன்றுதிரட்டி, 2022-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வின்படி, நரம்புச் செல்களின் உடல்கள் செறிந்த, மூளையின் சாம்பல்நிறப் பொருள் ஏறத்தாழ 6 வயதிலேயே உச்ச அளவை எட்டிப் பின்னர் மெல்லக் குறையத் தொடங்குகிறது. நரம்பிழைகளாலான வெண்பொருளோ 29 வயதுவாக்கில்தான் உச்சமடைகிறது. இளமையில் நேரும் இக்குறைவைச் சிதைவு என்று கொள்ளலாகாது. அதிகம் பயன்படாத இணைப்புகளை நீக்கி, பயன்படுவனவற்றை வலுப்படுத்திக்கொள்வது மூளை முதிர்ச்சியடையும் முறை. திட்டமிடுதலுக்கும் தன்னடக்கத்துக்கும் உரிய முன்நெற்றிப் புறணி (மூளையின் முன்புற மேலடுக்கு) இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருப்பதைப் பதின்வயதினரைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

நடுவயதுக்குப் பின் சுருக்கம் விரைவுபட்டாலும் அது எங்கும் ஒரே சீராக நிகழ்வதில்லை: முன்நெற்றிப் புறணியும் நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸும் கூடுதலாகச் சுருங்க, பார்வைக்குரிய முதன்மைப் புறணி பெரும்பாலும் மாறாதிருக்கிறது, மூளையின் திரவம் நிறைந்த உள்ளறைகள் விரிகின்றன. ஆயினும் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், 55 முதல் 80 வயது வரையிலானோர் ஓராண்டு முறையாக நடைப்பயிற்சி செய்தபின், அவர்களது ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது.