கடைமடை நாட்குறிப்பு, ஜூன் 2025

ஜூன் 9
பழைய கம்ப்யூட்டர் மெஷின்கள் நூலகத்துக்கு வந்து இறங்கிவிட்டன. அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது என்று ஏதோ ஒரு ஆபீஸில் கழித்துவிட்டவை. விண்டோஸ் 11 இவற்றில் ஏறாது. டெபியன் 12 என்ற இலவச லினக்ஸ் தாராளமாக ஓடும். ஒரு கேபினெட்டைத் திறந்தால் மதர்போர்டு ஓரத்தில் பல்லி முட்டை, ஒன்று பொரிந்து வெறும் ஓடு.

அப்பாவுக்கு நாளை மறுநாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன்.

ஜூன் 11
நெட்வொர்க் வழியாக பூட் செய்யப் பார்த்தால் பிஎக்ஸ்இ-இ53 என்ற பிழை. எல்லா மெஷினிலும் இதே வரி. மெஷின் எழுந்ததும் இரண்டு கேள்வி கேட்கிறது: என் முகவரி என்ன, எந்த ஃபைலிலிருந்து பூட் ஆவது? ரவுட்டர் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. இரண்டாவதைச் சொல்லவைக்க அந்த ரவுட்டரில் இடமே இல்லை.

தஞ்சாவூரிலிருந்து போன் இல்லை.

ஜூன் 12
மேட்டூர் திறந்தாச்சு. அப்பா போனை எடுத்ததும் அதைத்தான் கேட்டார். ஸ்கேன் பற்றிக் கேட்டால் "அத விடு" என்கிறார்.

ஜூன் 13
ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஐபிஎக்ஸ்இ கம்பைல் செய்தேன், நெட்வொர்க் வழியாக பூட் செய்யவைக்கும் சின்ன நிரல் அது. அதற்குள்ளேயே ஒரு சின்ன ஸ்கிரிப்டைப் பொதிந்துவிடலாம் என்பதுதான் விஷயம். ரவுட்டரிடம் முகவரியை மட்டும் வாங்கிக்கொள், மற்றதெல்லாம் என் லேப்டாப்பில் இருக்கிறது, எச்டிடிபி வழியாக எடுத்துக்கொள் என்று மூன்று நான்கு வரி. பென்டிரைவில் எழுதிச் செருகினேன். லினக்ஸின் மையமான கர்னல் வந்தது, தொடக்கத்துக்கு வேண்டிய ஃபைல்களின் பொதியான இனிட்ஆர்டி வந்தது. நெட்வொர்க் பூட்டின் பழைய வழியான டிஎஃப்டிபி 512 பைட் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும், பிறகு அடுத்த 512. அந்த நச்சரிப்பு இதில் இல்லை. இன்னொரு சுகம், இரண்டும் மெமரிக்குள் போனபின் பென்டிரைவை உருவி அடுத்த மெஷினில் போடலாம். ஒரே பென்டிரைவ் போதும்.

ரியல்டெக் நெட்வொர்க் கார்டு, தன்னை இயக்கும் ஃபர்ம்வேர் ஃபைலைக் கேட்டது. நெட்பூட் இனிட்ஆர்டிக்குள் அது வருவதில்லை. தனி ஃபைலாக இறக்கி ஸ்கிரிப்டில் இன்னொரு இனிட்ஆர்டி வரியாகச் சேர்த்ததும் அடங்கியது.

ஜூன் 15
கல்லணையும் திறந்தாச்சு. இனி வெண்ணாற்றில் நீடாமங்கலம் வரை வரணும். மூணாறு தலைப்பில் பிரிந்து கோரையாற்றில் இறங்கி, கடைசியாகத்தான் நாங்கள். அப்பா நாளுக்கு மூன்று தடவை கேட்கிறார், "மூணாறு தலைப்புக்கு வந்துருச்சா?" போர் போட்டால் உப்பு, ஆத்துத் தண்ணி ஒன்றுதான் எங்களுக்கு. அவர் கேட்பது நியாயம். ஆனால் டாக்டர் சொன்னதை எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார், அம்மாவையும் சொல்லவிட மாட்டேன் என்கிறார். இரத்தத்தில் என்ன வந்தது? ஏன் இன்னும் டிஸ்சார்ஜ் இல்லை? சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. வயலைப் பற்றி மட்டும் பேசும் மனுஷனிடம் எப்படிக் கேட்பது.

ஜூன் 16
ஒன்றும் செய்யவில்லை.

ஜூன் 18
ப்ரீசீட் ஃபைல் முடிந்தது. மொழி, நேரம், பார்டிஷன், பயனர் எல்லாக் கேள்விக்கும் பதில் அதிலேயே. தமிழ் எழுத்துருவும், தமிழ்99 விசைப்பலகையில் தட்ட ஐபஸ் எம்17என்-உம் சேர்த்திருக்கிறேன். பிள்ளைகள் முதல் நாளே தமிழில் தட்டணும், அதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

லேப்டாப்பில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி. முதல் மெஷின் நெட்டில் இழுத்ததை அது வைத்துக்கொள்கிறது, மற்றவை இங்கேயே எடுத்துக்கொள்கின்றன. முதலாவது ஊர்ந்தது. அடுத்த நான்கும் ஒன்றாகப் பறந்தன! பக்கத்து வீட்டு பிளஸ் டூ பையன் கைதட்டினான். இந்த மாதத்தில் இன்றுதான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 19
காற்று. மின்சாரம் போனது, வந்தது, போனது. பாதியில் நின்றதையெல்லாம் முதலிலிருந்து ஏற்றணும்.

ஜூன் 21
ஒரு மெஷின் மட்டும் பென்டிரைவைத் தொடவே மாட்டேன் என்கிறது. செக்யூர் பூட், கையெழுத்திட்ட நிரலை மட்டும் பூட் ஆகவிடும் காவல். நானே கம்பைல் செய்ததில் அது நம்பும் கையெழுத்து கிடையாது. அணைக்கலாம் என்று பயாஸுக்குள் போனால் பாஸ்வேர்டு, போட்டவர் எந்த ஊரிலோ. பயாஸ் அமைப்புகளை மறக்காமல் வைத்திருக்கும் சிஆர்2032 பேட்டரியை ஸ்குரூடிரைவர் நுனியால் நெம்பிக் கழற்றினேன். அடியில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. துடைத்துவிட்டு அரை மணி நேரம் அப்படியே வைத்தேன். பாஸ்வேர்டு போயே போச்சு.

மூணாறு தலைப்பில் தண்ணி நிற்கிறதாம். சித்தப்பா சொன்னார். அப்பாவிடம் சொல்லச் சொல்லி போனைக் கொடுத்தேன். அவர் தூங்குகிறாராம், மத்தியானம் மூன்று மணிக்கு.

ஜூன் 22
அம்மா எடுக்கவில்லை.

ஜூன் 23
காலை முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போகிறேன். பென்டிரைவும் லேப்டாப்பும் பையனிடம். கடைசி இரண்டு மெஷினை அவனே ஏற்றுவான், எஃப்12 அழுத்துவதிலிருந்து எல்லாம் காட்டிவிட்டேன். சித்தப்பாவை மதகுப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.